வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள். 2019இல் பதிவு செய்து, 2023 தொடக்கத்தில் ஒடிசாவில் உள்ள ஒரு தத்து மையத்திலிருந்து எங்கள் மகளைக் கூட்டிவந்தோம். அப்போது அவளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். அதிலிருந்து வாரம் ஒரு தமிழ்க் குடும்பமாவது போன் செய்கிறது. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். சட்ட விவரங்கள் 2022இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளை ஒட்டியவை. பணம் கட்டுவதற்கு முன் காராவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காரா என்பது தத்தெடுப்புக்கான இந்திய மத்திய அரசின் ஆணையம்.

இந்தியாவில் அத்தனை அனாதைக் குழந்தைகள் இருக்கும்போது ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

இல்லத்தில் இருக்கிற குழந்தைகள் எல்லோரும் பெற்றோர் இல்லாதவர்கள் இல்லை. வறுமை, நோய், குடும்பச் சண்டை என்று எத்தனையோ காரணங்களால் கொஞ்ச காலத்துக்கு விடப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைகளைத் தத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

கைவிடப்பட்ட குழந்தை என்றால் முதலில் பெற்றவர்களைத் தேட வேண்டும். பத்திரிகையில் படத்தோடு அறிவிப்பு வரும், போலீஸ் விசாரிக்கும். அதற்குப் பிறகுதான் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று எழுதித் தரும். இரண்டு வயதுக்குள் இருந்தால் இதற்கு 2 மாதம், மேலே என்றால் 4 மாதம் வரை அவகாசம். தாயே கொண்டுவந்து ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு 60 நாள் உண்டு. இந்த 60 நாளைக் குறைக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். குறைக்கவே கூடாது. அது ஒரு தாய்க்குக் கிடைக்கிற கடைசி வாய்ப்பு.

அப்புறம், சட்டம் முதலில் இந்தியக் குடும்பத்தைத்தான் தேடும். அங்கே குடும்பம் கிடைக்காத குழந்தைக்குத்தான் வெளிநாட்டுக் கதவு திறக்கும். அதிலும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை உண்டு. ஐந்து வயதைத் தாண்டியவர்கள், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கைகள், உடல் அல்லது மன வளர்ச்சியில் கூடுதல் கவனிப்புத் தேவைப்படுகிறவர்கள்தான் வெளிநாட்டுத் தத்துக்கு முதலில் வருகிறார்கள். ஆறு மாதக் கைக்குழந்தை, எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்பதுதான் உங்கள் மனதில் உள்ள படம் என்றால், இந்த வழி உங்களுக்கானது இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்களும் முதலில் ஒரு வயதுக்குள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தெரிந்த டாக்டர் மூலமாக நேரடியாக வாங்கிக்கொள்ளலாமா? ஊரில் ஒருவர் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அந்த போனை வைத்துவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி, முறையான வழியை மீறிக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறினால் 5 ஆண்டு வரை. தண்டனை கூட இரண்டாம் பட்சம்தான். "ஏற்பாடு" செய்யப்பட்ட குழந்தைக்குப் பின்னால் எப்போதும் ஒரு தாய் இருக்கிறாள், அவள் சம்மதித்தாளா என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

இந்தக் கெடுபிடிகள் சும்மா வரவில்லை. வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்டு, 1984இல் நீதிபதி பி.என்.பகவதி அளித்த தீர்ப்பிலிருந்துதான் இந்தியாவின் விதிகள் தொடங்குகின்றன. 1993இல், நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதை முறைப்படுத்தும் ஹேக் ஒப்பந்தம் வந்தது. 2003இல் இந்தியா அதில் சேர்ந்தது. நம் சென்னையிலேயே, தெருவோரம் தூங்கிய குழந்தைகளைத் திருடித் தத்து என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிய கதை 2005இல் வெளிவந்தது. பெற்றவர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். இலங்கையிலிருந்து 1980களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் பலரின் காகிதங்கள் பொய் என்று பின்னால் தெரிந்தது. பெற்ற தாய் என்று வேறொரு பெண்ணைக் காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்து அரசு விசாரணை நடத்தி, 2021இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. 2024இல் சீனா கதவை மூடிவிட்டது. அமெரிக்காவுக்கு 2004இல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து தத்தாக வந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 1,300ஐக் கூடத் தொடவில்லை.

ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று முறை கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் மகள் வளர்ந்து "என்னை எப்படிக் கூட்டிவந்தீர்கள்?" என்று கேட்கும்போது மேசையில் எடுத்து வைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

படிகள் என்னென்ன?

நீங்கள் இருக்கும் நாட்டில் காரா அங்கீகரித்த தத்து நிறுவனம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். அப்படி ஒரு நிறுவனம் இல்லாத நாட்டில் இந்தியத் தூதரகம் வழியாகச் செய்யலாம். ஒரு சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து ஹோம் ஸ்டடி அறிக்கை எழுதுவார். அது கேரிங்ஸ் என்ற காராவின் இணையத் தளத்தில் ஏறும். பிறகு காத்திருப்பு. ஒருநாள் குழந்தையின் விவரங்கள் வரும், நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். உங்கள் நாடு சம்மதக் கடிதம் கொடுக்கும், காரா தடையின்மைச் சான்று கொடுக்கும். முன்பெல்லாம் நீதிமன்ற ஆணை வேண்டும். 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை பிறப்பிக்கிறார். அதன் பின் பிறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட், ஹேக் ஒப்பந்தப்படியான சான்று, விசா. அமெரிக்கா என்றால் டெல்லித் தூதரகம்.

அமெரிக்கப் பக்கத்தில், தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்களா என்று பார்க்கிற ஐ-800ஏ என்ற படிவம் முதலில், குழந்தை முடிவான பிறகு அந்தக் குழந்தைக்காக ஐ-800. இந்த வரிசையை மாற்றக் கூடாது. தத்து ஆணை வாங்கிவிட்டு அப்புறம் அமெரிக்கக் காகிதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியவர்கள் குழந்தையை இந்தியாவில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அல்லாடியிருக்கிறார்கள்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம், அல்லது கிரீன் கார்டு. முடியுமா?

இந்தியாவின் பார்வையில் நீங்கள் என்.ஆர்.ஐ., தத்தெடுக்கத் தடையில்லை. சிக்கல் அமெரிக்கப் பக்கம். ஐ-800 வழி, கணவன் மனைவியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருந்தால்தான். இல்லையென்றால், தத்தெடுத்த குழந்தையோடு 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், சட்டப்படியான பொறுப்பும் 2 ஆண்டு உங்களிடம் இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், உங்களில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு 2 வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதுதான். அப்படி இருந்து கூட்டிவந்த ஒரு தோழி எனக்கு உண்டு. கோவையில் வாடகைக்கு வீடு எடுத்து இரண்டு வருடம் மகனோடு இருந்தாள். கணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனார். அந்த இரண்டு வருடம்தான் அவன் தமிழ் கற்றுக்கொண்ட வருடங்கள் என்று இப்போது சொல்கிறாள். ஆனால் ஒரு நல்ல குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் இதில் கால் வைக்காதீர்கள்.

என் தம்பிக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றை நாங்கள் எடுத்து வளர்க்கலாம் என்று குடும்பத்தில் பேசுகிறார்கள்.

நம் குடும்பங்களில் இது காலங்காலமாக நடப்பதுதான், பிள்ளையில்லாத பெரியம்மா வீட்டில் தங்கை பிள்ளை வளர்வது. இந்தியச் சட்டமும் உறவுக்குள் தத்தை ஏற்கிறது. ஆனால் "உறவு" என்பதில் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரு வழித் தாத்தா பாட்டி மட்டும்தான் வருவார்கள். ஒன்றுவிட்ட தம்பியின் பிள்ளை இதில் வராது.

அமெரிக்க விசா வேறு கதை. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையை முறையாகப் பராமரிக்க அவர்களால் இயலவில்லை என்று காட்ட வேண்டும். திருச்சியில் நல்ல வேலையில் இருக்கிற தம்பியின் பிள்ளைக்கு அதைக் காட்ட முடியாது. பொய்யாகக் காட்டவும் கூடாது. அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்பதையும் யோசியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, தன் வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு தன்னை மட்டும் கொடுத்துவிட்டார்கள் என்பது நன்றாகவே புரியும்.

வயது வரம்பு, செலவு?

தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 85, இரண்டு முதல் நான்குக்கு 90, நான்கு முதல் எட்டுக்கு 100, அதற்கு மேல் 110. குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண், ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

செலவில், இந்தியத் தத்து மையத்துக்குப் போவது 5,000 டாலர். அதற்கு மேல் யாராவது நன்கொடை என்று கேட்டால் கொடுக்காதீர்கள், காராவுக்கு எழுதுங்கள். அமெரிக்க நிறுவனத்தின் கட்டணம், படிவங்கள், பயணம் இவை தனி. கையொப்பம் போடும் முன் முழுக் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். 2025 நிலவரப்படி அமெரிக்க வருமான வரியில் ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை சலுகை உண்டு. தத்து முடிவான வருடத்தில்தான் அதைக் கோர முடியும்.

ஹோம் ஸ்டடியில் என்ன பார்ப்பார்கள்? வீடு பெரிதாக இருக்க வேண்டுமா?

எங்கள் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வருவதற்கு முந்தின நாள் நான் சமையலறை அலமாரி முதற்கொண்டு துடைத்து வைத்தேன். அவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. தீயணைப்பான் இருக்கிறதா, மருந்துகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்று பத்து நிமிடம் பார்த்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

நீங்கள் சின்ன வயதில் தப்புச் செய்தால் அப்பா என்ன செய்வார்? உங்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? குழந்தை பிறக்கவில்லை என்ற துக்கம் இப்போது எங்கே இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து வருட ஐ.வி.எஃப். சிகிச்சை முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவசரமில்லை, ஆனால் அந்தக் குழந்தையை இதற்கு மருந்தாகக் கொண்டுவராதீர்கள்" என்றார். அன்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. இன்று நான் போனில் பேசுகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

குழந்தையை நாமே தேர்ந்தெடுக்கலாமா? விவரங்கள் எப்படி வரும்?

இல்லத்துக்குப் போய் வரிசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற முறை கிடையாது. இருக்கவும் கூடாது. போட்டோ, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை, இவைதான் வரும். அந்தக் குழந்தையை எங்களுக்கென்று முன்பதிவு செய்துவைக்க 96 மணி நேரம் கொடுத்தார்கள். அதன் பின் ஒப்புக்கொள்ள 30 நாள்.

மருத்துவ அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடம், முடிந்தால் வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம், காட்டுங்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு மாதாமாதம் எப்படி ஏறியிருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பார்கள். ஓர் எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எங்கள் மகளின் அறிக்கையில் பிறப்பு எடை 1.6 கிலோ, பேச்சு தாமதம் என்று இருந்தது. மருத்துவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "எதற்கும் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் இந்தக் கோடு மேலேதான் போகிறது" என்று விரலால் காட்டினார். ஊருக்கு வந்தபின் எல்லா இரத்தப் பரிசோதனைகளையும் புதிதாகச் செய்யுங்கள், தடுப்பூசிகளையும் சரிபாருங்கள். பிறந்த தேதி பெரும்பாலும் மதிப்பிட்டுப் போட்டதாக இருக்கும். பல்லை வைத்து வயதை ஊகித்திருப்பார்கள்.

மறுக்கலாமா என்று கேட்கிறார்கள். மறுக்கலாம். உங்களால் தாங்க முடியாத ஒன்றை, வெட்கத்துக்காக ஏற்றுக்கொள்வது அந்தக் குழந்தைக்குச் செய்கிற நல்லது இல்லை.

நிறம், சாதி, ஜாதகம்?

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் போனில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். சாதியைக் கேரிங்ஸ் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. "கொஞ்சம் சிவப்பா இருந்தா நல்லாருக்கும், நாளைக்கு யாரும் வித்தியாசமாப் பாக்க மாட்டாங்க" என்று என் பெரியம்மாவே சொன்னார். "பெரியம்மா, நானே கறுப்புதானே, என்னை எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. இந்த ஆசை உங்கள் வீட்டில் யாருக்காவது உறுதியாக இருக்கிறது என்றால், அது தீரும் வரை விண்ணப்பிக்காதீர்கள். குழந்தை அதை முதல் வாரத்திலேயே முகத்தில் படித்துவிடும்.

ஜாதகம் கணிக்க முடியாது, பிறந்த நேரமே தெரியாது. என் மாமியாருக்கு அது பெரிய குறையாக இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தத்து ஆணை கையில் வந்த நாளின் நட்சத்திரத்தைச் சொல்லிக் கோயிலில் அர்ச்சனை செய்கிறார். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

நம் வீட்டில் தமிழ். குழந்தைக்கு வேறு மொழி என்றால்?

இதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து வருகிற குழந்தை, நம் குழந்தை, பழகிவிடும் என்று நினைத்துப் போனோம். எனக்குத் திருநெல்வேலி, என் கணவருக்குச் சேலம். ஒடிசா எங்கள் இருவருக்குமே வெளியூர்தான். அவள் தாமதமாகப் பேசுகிறாள் என்று அறிக்கையில் இருந்ததே, அவள் முப்பது சொற்கள் வரை பேசினாள், எல்லாம் ஒடியா. தண்ணீருக்குப் பாணி. இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லோரும் மாவுசி, அதாவது சித்தி.

புவனேஸ்வரத்தில் முதல் இரவு. ஓட்டல் கட்டிலில் அவள் படுக்கவே இல்லை. ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அழவில்லை. இரண்டு மணிக்கு மேல் மெதுவாக "மாவுசி" என்றாள். நான் "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, கதவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சத்தமாக "மாவுசி" என்றாள். தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்கவைத்த ஒரு பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு அது காத்திருந்து காத்திருந்து வந்த நாள். அவளுக்குத் தன் மொழியும் வீடும் பழகிய முகங்களும் எல்லாம் ஒரே நாளில் போன நாள்.

அதனால் போவதற்கு முன் குழந்தையின் மொழியில் ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். பசிக்கிறதா, வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, பயப்படாதே, நான் திரும்பி வருவேன். உங்கள் ஊரில் அந்த மொழி பேசும் குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு இங்கே ஓர் ஒடியா அக்கா கிடைத்தார். முதல் மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் வந்து ஒரு மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருப்பார். இல்லத்திலிருந்து மாவுசியின் குரலைப் பதிவு செய்து எடுத்து வந்திருந்தோம். அதைப் போட்டால் தூங்குவாள்.

ஆனாலும் மொழி போய்விடும், மிக வேகமாக. ஐந்தாவது மாதத்தில் அந்த அக்கா கேட்ட கேள்விக்கு அவள் தமிழில் பதில் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

சாப்பாடு மட்டும் எங்களுக்கு ஒரு பாலம் போட்டுக் கொடுத்தது. இட்லியைத் தொடமாட்டாள். பாஸ்தாவைத் துப்பினாள். ஒரு நாள் காலையில் என் மாமியார் தனக்காக வைத்திருந்த பழைய சோற்றைக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். இவள் ஓடிவந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒடிசாவில் அதே நீர்ச்சோற்றைப் பகாளா என்பார்கள், அது எங்களுக்குத் தெரியாது. அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அதன் பிறகு பாட்டியின் மடிதான் அவளுக்கு இந்த வீட்டில் முதல் இடம்.

வந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விழா வைக்கலாமா?

ஆறு மாதம் கழித்து வையுங்கள். யார் கூப்பிட்டாலும் மடியில் ஏறிக்கொள்கிறாள், எவ்வளவு சமத்து என்று எல்லோரும் மெச்சுவார்கள். அது சமத்து இல்லை. யார் தன்னுடையவர் என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை என்பதன் அடையாளம். முதல் சில வாரங்கள் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். பாட்டியே ஆனாலும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். (பழைய சோற்று நாள் வந்தது ஏழாவது வாரத்தில்.) விடுப்பு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் எடுங்கள்.

தலையணைக்கு அடியில் பிஸ்கட்டும் சப்பாத்தித் துண்டும் கிடக்கும். திட்டாதீர்கள், எடுத்து எறியவும் வேண்டாம். நாங்கள் அவள் உயரத்தில் ஒரு டப்பா வைத்து, அதில் எப்போதும் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. ஒருநாள் டப்பா காலியாக இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

உங்களுக்கும் உடனே பாசம் பொங்காமல் போகலாம். முதல் மாதத்தில், வேறு யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துக்கொள்வது போல எனக்கு இருந்தது. அவளும் என்னை ஐந்து வாரம் மாவுசி என்றே கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. இதை வெளியே சொல்லப் பயந்து தனியாகக் கிடந்து தவிக்காதீர்கள். மருத்துவரிடமோ, ஏற்கெனவே தத்தெடுத்த ஒருவரிடமோ பேசுங்கள்.

தத்து என்று எப்போது சொல்வது? விவரம் தெரிந்தபின் சொன்னால் போதாதா?

முதல் நாளிலிருந்தே. அவளுக்குப் புரியாதபோதே சொல்லத் தொடங்குங்கள், உங்கள் நாக்குப் பழக வேண்டும். மறைத்த வீடுகளில் என்ன ஆகிறதென்று நமக்குத் தெரியும். கல்யாணப் பேச்சிலோ சொத்துத் தகராறிலோ ஒரு சித்தப்பா வாயிலிருந்து அது வரும். அன்று அந்தப் பிள்ளைக்கு உடைவது தத்து என்ற செய்தியால் இல்லை. அத்தனை பேருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததால்.

வாக்கியங்கள் எளிமையாக இருக்கட்டும். "நீ ஒடிசாவில் ஒரு அம்மா வயித்துல பிறந்த. அவங்களால உன்னை வளர்க்க முடியல. மாவுசிங்க உன்னைப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் அம்மாவும் அப்பாவும் வந்து கூட்டிட்டு வந்தோம்." உங்களுக்குத் தெரியாததைச் சேர்க்காதீர்கள். "அவங்க உன்மேல ரொம்பப் பாசமா இருந்தாங்க" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாசமாக இருந்தவர்களே விட்டுவிட்டார்கள் என்றால் நீங்களும் ஒருநாள் விட்டுவிடுவீர்களா என்று குழந்தை யோசிக்கும். "நாங்கள்தான் உன்னைக் காப்பாற்றினோம்" என்பதை வாயில் எடுக்கவே வேண்டாம். "புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்று பார்க்கிறவர்கள் சொல்லும்போது அவள் பக்கத்தில் நிற்பாள். "இல்லங்க, எங்களுக்கு மக வேணும்னு இருந்துச்சு" என்று அவள் காதில் விழும்படி பதில் சொல்லிவிடுங்கள்.

பெயரையும் மாற்றிவிடாதீர்கள். இல்லத்தில் வைத்த பெயர்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர். நாங்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டு, என் பாட்டியின் பெயரைப் பின்னால் சேர்த்தோம்.

நாளைக்குப் பெற்றவர்களைத் தேடிப் போய்விட்டால்?

தேடட்டும். 18 வயதான பின் தன் வேரைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. வெளியாள் யாரும் அவளுக்குப் பதிலாகத் தேட முடியாது. தன் பெயர் வெளிவர வேண்டாம் என்று நினைக்கிற தாயின் உரிமையையும் சட்டம் காக்கிறது. ஆகவே அவளுக்கு விடை கிடைக்காமலும் போகலாம். அப்போது அவள் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

"பெத்த மனம் பித்து" என்று சொல்லிச் சொல்லி, வளர்த்த மனதை இரண்டாம் இடத்தில் வைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பயத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றாதீர்கள். சட்டப்படி ஆணை வந்த நாளிலிருந்து அவள் உங்கள் பிள்ளை. சொத்துரிமை உட்பட எல்லாம் பெற்ற பிள்ளைக்கு உள்ளதுதான்.

கூட்டிவந்தபின் இந்தியாவுக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமா? குடியுரிமை?

இரண்டு ஆண்டுகளுக்கு அறிக்கை போகும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. சமூகப் பணியாளர் வந்து பார்த்து எழுதுவார்.

தத்து இந்தியாவிலேயே முடிந்து, அதற்குரிய விசாவில் பெற்றோரோடு வாழ வருகிற குழந்தை, அமெரிக்காவில் நுழைந்த அன்றே குடிமகள். 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அதற்கு முன் வந்த குழந்தைகளில் சிலருக்குப் பெற்றோர் காகிதம் போடாமல் விட்டதால், வளர்ந்து பெரியவர்களான பின் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்ததும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். பிறகு இந்திய பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. வாங்கலாம். ரத்து செய்து திருப்பித் தருகிற அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் இருக்கும் படம்தான் எங்கள் மகளுக்கு மிகவும் பிடித்த படம்.

கூட்டிவரப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

உடை இரண்டு அளவுகளில். அறிக்கையில் உள்ள எடை பழையதாக இருக்கும். காய்ச்சல் மருந்து, சிரங்குக்கான களிம்பு. மையத்தில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் முன்பே கேட்டு, எல்லோருக்கும் ஒன்றுபோல வாங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம். எதற்கு அழுவாள், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாள், பால் எவ்வளவு சூடாக வேண்டும் என்று மாவுசிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அனுமதித்தால் அவர்களோடு அவள் இருக்கும் படம் எடுங்கள், கட்டிலையும் வாசலையும் வேப்ப மரத்தையும் எடுங்கள்.

அவள் படுக்கிற பழைய விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு நான்கு புதிது கொடுங்கள். எங்களுக்குக் கொடுத்தது ஓரம் கிழிந்த நீலப் பூப்போட்ட விரிப்பு. டாலஸ் வந்ததும் முதல் வேலையாக அதைத் துவைக்கப் போட இருந்தேன். அவள் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முகர்ந்துகொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் அதை உடனே துவைத்துவிடாதீர்கள்.